சாலைச் சோதனையும் அமெரிக்க அரசியல் சட்டமும்

1761-ஆம் ஆண்டில் பாஸ்டன் நகரம் பிரிட்டிஷ் ஆட்சியின் கீழ் இருந்தது. சுங்க அதிகாரிகள் ‘உதவி ஆணை’ என்றதொரு பத்திரத்தை வைத்துக்கொண்டு, கடத்தல் சரக்கைத் தேடுவதாகக் கூறி எந்த வீட்டிலும் புகலாம். அப்பத்திரத்தில் ஆளின் பெயரும் இராது, இடமும் இராது. வழக்கறிஞர் ஜேம்ஸ் ஓட்டிஸ் இதனை எதிர்த்து வாதாடித் தோற்றார். ஆயினும் அவ்வாதம் வீண்போகவில்லை. 1791-இல் அமெரிக்க அரசியல் சட்டத்தில் இடம்பெற்ற நான்காம் திருத்தம், நியாயமற்ற சோதனையையும் பிடித்து வைத்தலையும் தடுத்தது.

குதிரை வண்டிக் காலத்து விதி மோட்டார் காருக்கும் பொருந்துமா? பொருந்தும், ஆனால் வீட்டுக்குரிய காப்பு முழுவதும் காருக்கு இல்லை என்று 1925-இல் உச்ச நீதிமன்றம் கூறிற்று. ஆணை வாங்கி வருவதற்குள் கார் பறந்துவிடும் அல்லவா?

1967-இல் எப்.பி.ஐ. துறை, தேடப்படுவோர், களவுபோன வண்டிகள் முதலிய விவரங்களைக் கம்ப்யூட்டரில் தொகுக்கத் தொடங்கியது. இத்தகைய பதிவுகள் பெருகியபின், சாலையில் நிற்கும் போலீஸ்காரர் ஒருவரது பழைய கதையைச் சில நிமிடங்களில் அறியலாயிற்று. அப்படியானால் அதற்காகவே எந்தக் காரையும் நிறுத்தலாமா? டெலவேர் மாநிலத்தில் 1976-இல் ஒரு போலீஸ்காரர் அவ்வாறே செய்தார். ஓட்டியவர் விதி எதனையும் மீறவில்லை. லைசென்சைப் பார்க்கவே நிறுத்தினார். காரில் கஞ்சா இருந்தது. ஆயினும் 1979-இல் உச்ச நீதிமன்றம் அச்செயலை ஏற்கவில்லை. ஐயத்துக்கு இடமின்றி, தன் விருப்பப்படி ஒரு காரைப் பொறுக்கி நிறுத்தும் உரிமை போலீசாருக்கு இல்லை என்றது.

விதியை மீறியவரை எவ்வளவு நேரம் நிறுத்தி வைக்கலாம் என்பதே அடுத்த கேள்வி, சிக்கலானதும் அதுவே. 2012 மார்ச்சில், நெப்ராஸ்கா மாநிலத்தில் நள்ளிரவு கடந்த வேளையில், ஒரு கார் சாலையோரத்தில் சற்றே ஒதுங்கி ஓடியது. போலீஸ்காரர் நிறுத்தினார், ஓட்டியவர், உடன் வந்தவர் ஆகிய இருவரின் பதிவுகளையும் பார்த்தார், எச்சரிக்கைச் சீட்டு எழுதி, பத்திரங்களைத் திருப்பிக் கொடுத்தார். வேலை முடிந்தது. ஆனால் போகவிடவில்லை. மற்றொரு போலீஸ்காரர் வரும்வரை காக்க வைத்து, மோப்ப நாயைக் காரைச் சுற்றி நடத்தினார். சீட்டுக் கொடுத்தபின் ஏழெட்டு நிமிடம் கழிந்திருந்தது. போதைப்பொருள் அகப்பட்டது.

ஏழெட்டு நிமிடம் பெரிதா என்று கீழ்நீதிமன்றங்கள் கருதின. 2015-இல் நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் எழுதிய ரோட்ரிகஸ் வழக்குத் தீர்ப்பு அதனை மறுத்தது. லைசென்சு, வண்டிப் பதிவு, காப்புறுதி, ஓட்டுநர்மேல் பிடியாணை உண்டா என்பது ஆகியவற்றைப் பார்ப்பது சாலைப் பாதுகாப்பைச் சேர்ந்தது. மோப்ப நாய் அதைச் சேர்ந்ததன்று. தனி ஐயம் இன்றி, அதற்காக நேரத்தை நீட்டுதல் தகாது. எனினும் வழக்குத் தொடுத்தவருக்கு விடுதலை கிட்டவில்லை. அன்றைய தீர்ப்புகளை நம்பியே போலீசார் நடந்தனர் என்று கீழ்நீதிமன்றம் தண்டனையை நிலைநிறுத்திவிட்டது.

அடுத்த ஆண்டே மற்றொரு வழி திறந்தது. யூட்டா மாநிலத்தில் நடந்து சென்ற ஒருவரைப் போலீஸ்காரர் தக்க காரணமின்றி நிறுத்தி, பதிவைப் பார்த்தபோது, ஒரு சிறு போக்குவரத்துக் குற்றத்துக்கான பழைய பிடியாணை கிடைத்தது. நிறுத்தியது தவறாயினும், அப்பிடியாணையின் பேரில் கைது செய்து எடுத்த சான்று செல்லும் என ஐவர் தீர்ப்பளிக்க, மூவர் மறுத்தனர். மறுத்தவருள் ஒருவரான நீதிபதி சோனியா சோட்டோமயர், அந்நாட்டுப் பதிவுகளில் 78 இலட்சத்துக்கும் மேற்பட்ட பிடியாணைகள் நிலுவையில் உள்ளன என்பதையும், அவற்றுள் மிகப் பல சிறு குற்றங்களுக்கானவை என்பதையும் தம் உரையில் எடுத்துக் காட்டினார்.