'திஸ்' யாருடைய சொல்?

கல்பிட்டியில ஒரு பிள்ளை "வாப்பா" எண்டு கூப்பிட்டா, எந்த வாப்பா? கூப்பிட்ட வாயைப் பார்த்தாத்தான் விளங்கும். ஜாவாஸ்கிரிப்டின் 'திஸ்' அப்படியொரு சொல். ஃபங்ஷன் எங்கே எழுதப்பட்டது என்பதல்ல, எப்படி அழைக்கப்படுகிறது என்பதே அதன் பொருள்.

1995இல் நெட்ஸ்கேப்பில் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் இம்மொழியின் முதல் வடிவத்தைச் செய்தார். ஒரு மெதடைக் கழற்றி, 'ஒரு செக்கன் கழித்து இதைக் கூப்பிடு' என்று டைமரிடம் கொடுத்துப் பாருங்க. 'திஸ்' தன் சொந்தக்காரனை மறந்து, சத்தமில்லாமல் 'விண்டோ'வைப் பிடித்துக்கொள்ளும்.

2005இல் சாம் ஸ்டீபன்சனின் புரோட்டோடைப் லைப்ரரி 'பைண்ட்' தந்தது: யார் கூப்பிட்டாலும் 'திஸ்' இதுதான். அடுத்த வருடம் வந்த ஜேகுவெரி எதிர்வழி போனது. நாம கொடுக்கும் ஃபங்ஷனுக்குள் 'திஸ்' எது என்பதை அதுவே தீர்மானித்தது. 'ஈச்' ஓடும்போது கையிலிருக்கும் எலிமென்ட்தான் 'திஸ்'. எழுதச் சுகம்தான். ஆனா நம்ம சொல்லுக்கு லைப்ரரி பொருள் சொல்வது எனக்கு அதிகப்பிரசங்கித்தனமாகத்தான் படுது. பைண்ட் செய்த ஃபங்ஷனிடம் அந்த அதிகாரம் செல்லவும் செல்லாது. நல்லவேளை, அதே எலிமென்டை ஆர்கியுமென்டாகவும் கொடுத்தார்கள்.

2009இல் ஈஎஸ்5 'பைண்ட்'ஐ மொழிக்குள்ளேயே எடுத்தது. 2015இல் ஆரோ ஃபங்ஷன் வந்தது. அதற்குச் சொந்த 'திஸ்' கிடையாது, எழுதப்பட்ட இடத்தின் 'திஸ்'தான். அதே வருடம் ரியாக்ட் 0.13, கிளாஸ்களுக்குத் தானே பைண்ட் செய்து தர மறுத்தது. கன்ஸ்ட்ரக்டர் முழுக்க பைண்ட் வரிகள்! 2019இல் ஹூக்ஸ் வந்தபின் புதிய கம்போனன்டுகளில் 'திஸ்' எழுதும் தேவையே பெரும்பாலும் இல்லாமல் போனது.