மைதானத்தில் ஒரு மழைக்காலம்
1934ஆம் ஆண்டுக் கல்கத்தா லீக்கும் முகம்மதன் ஸ்போர்ட்டிங் கழகமும்

கல்கத்தா நகரின் நடுவே, வில்லியம் கோட்டையைச் சூழ்ந்து பரந்து கிடக்கும் புல்வெளிக்கு 'மைதான்' என்று பெயர். பீரங்கிக் குண்டு தடையின்றிப் பாய்வதற்காக ஆங்கிலேயர் வெட்டவெளியாக்கி வைத்த நிலம் அது. பின்னாளில் அதே நிலத்தில் கழகங்கள் கூடாரம் அடித்தன, மரப்பலகைகளால் பார்வையாளர் அரங்குகள் எழுந்தன. ஆண்டுதோறும் மே மாதம் தொடங்கி மழை கொட்டும் நாள்களிலும் கால்பந்து லீக் ஆட்டங்கள் நடைபெற்றன. இந்திய முஸ்லிம்களின் சமூக வரலாற்றில் ஒரு முக்கியமான அத்தியாயம் இந்தச் சேற்றுநிலத்தில்தான் எழுதப்பட்டது. நம் வரலாற்று நூல்கள் அதை ஓர் அடிக்குறிப்பாகக்கூடப் பெரிதும் கண்டுகொண்டதில்லை.

இந்தியக் கால்பந்துச் சங்கம் 1893ஆம் ஆண்டு கல்கத்தாவில் நிறுவப்பட்டது. பெயர்தான் இந்தியச் சங்கம். அதிகாரம் முழுவதும் ஐரோப்பியர் கையில் இருந்தது. 1898இல் தொடங்கிய கல்கத்தா லீக்கில் இந்தியக் கழகங்களுக்கு இடமே இல்லை. கல்கத்தா கால்பந்துக் கழகம், டல்ஹவுசி போன்ற ஐரோப்பியர் கழகங்களும் பிரிட்டிஷ் இராணுவப் படைப்பிரிவுகளின் அணிகளும் தமக்குள் ஆடிப் பட்டத்தைப் பகிர்ந்துகொண்டன. 1914ஆம் ஆண்டில்தான் மோகன் பகான், ஆரியன் ஆகிய இரு இந்தியக் கழகங்கள் இரண்டாம் பிரிவில் சேர்த்துக்கொள்ளப்பட்டன. மறு ஆண்டே மோகன் பகான் முதற் பிரிவுக்கு உயர்ந்தது. ஆனால் முதற் பிரிவில் இரண்டுக்கு மேற்பட்ட இந்தியக் கழகங்கள் இருத்தலாகாது என்றொரு விதி இருந்தது. எவ்வளவு திறமை இருந்தாலும் மூன்றாவது கழகத்துக்குக் கதவு திறக்காது. 1920இல் தோன்றிய ஈஸ்ட் பெங்கால் கழகம் இந்த விதியை எதிர்த்து வழக்காடியது. அதன் பயனாகத் தடை தளர்ந்து 1925இல் அது முதற் பிரிவில் நுழைந்தது. ஒரு கழகம் தனக்காகக் கேட்டுப் பெற்ற நீதி பின்னால் வந்த மற்றொரு கழகத்துக்கும் வழி செய்தது என்பதை இங்கே மனத்திற் கொள்ள வேண்டும்.

பின்னால் வந்த அந்தக் கழகமே முகம்மதன் ஸ்போர்ட்டிங். 1887இல் ஜூபிலி கழகம் என்ற பெயரில் தொடங்கி, கிரசன்ட், ஹமீதியா என்று பெயர் மாறி, 1891இல் இன்றைய பெயரைப் பெற்றது. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அது லீக்கின் உச்சியை எட்டியதில்லை. 1933இல் இரண்டாம் பிரிவிலிருந்து தேறி, 1934ஆம் ஆண்டுப் பருவத்தில் முதன்முறையாக முதற் பிரிவில் களமிறங்கியது. அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளிலும் பட்டத்தை வென்றிருந்தது டர்ஹம் இலகு காலாட்படை என்னும் பிரிட்டிஷ் படைப்பிரிவு. புதிதாக வந்தவர்கள் கீழே இறங்காமல் நிலைத்தாலே போதும் என்பதுதான் பொதுவான எதிர்பார்ப்பாக இருந்திருக்கும்.

நடந்தது வேறு. அந்தப் பருவம் முடிந்தபோது பட்டியலின் தலையில் முகம்மதன் ஸ்போர்ட்டிங் நின்றது. லீக் தொடங்கி 36 ஆண்டுகள் கழித்து, முதன்முதலாக ஓர் இந்தியக் கழகம் அதன் பட்டத்தை வென்றது. முதற் பிரிவில் கால் வைத்த முதல் ஆண்டிலேயே வென்றது. அத்தோடு நிற்காமல் 1935, 1936, 1937, 1938 என்று தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் அப்பட்டத்தை எவருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. 1936இல் ஐ.எஃப்.ஏ. கேடயமும் அதன் வசமாயிற்று.

இவ்வெற்றி எவ்வாறு கைகூடியது? லீக் என்பது ஒரு நாள் போட்டியன்று. ஒரே ஆட்டத்தில் முடிந்துவிடும் கோப்பையை உணர்ச்சி வேகத்தாலும் வெல்லலாம். வெற்றிக்கு இரண்டு புள்ளி, சமநிலைக்கு ஒன்று என்று வாரக்கணக்கில் சேர்த்துக்கொண்டே போகும் லீக்கை ஏற்பாட்டினால்தான் வெல்ல முடியும். முகம்மதன் ஸ்போர்ட்டிங் நிர்வாகிகள் இரண்டு காரியங்களைச் செய்தார்கள்.

முதலாவது காலணி. அக்காலத்து இந்திய ஆட்டக்காரர் பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடினர். 1911ஆம் ஆண்டு ஜூலை 29 அன்று கிழக்கு யார்க்ஷயர் படைப்பிரிவை 2-1 என்று வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றிய மோகன் பகான் அணியில், ஒருவரைத் தவிர மற்றப் பத்துப் பேரும் வெறுங்காலர்களே. காய்ந்த தரையில் வெறுங்கால் பந்தை வசப்படுத்தும், வேகமும் மிகும். மழை பெய்து புல் வழுக்கத் தொடங்கினால், ஆணி வைத்த காலணி அணிந்த படைவீரர் முன் வெறுங்கால் நிலைகொள்ளாது. லீக்கின் பிற்பகுதி முழுவதும் மழைக்காலம் என்பதை எண்ணிப் பார்த்தால், இந்திய அணிகள் பல முறை இரண்டாமிடம் வரை வந்து பட்டத்தைத் தவறவிட்டதன் காரணம் ஓரளவு விளங்கும். முகம்மதன் ஸ்போர்ட்டிங் தன் ஆட்டக்காரரை ஈரத்தரையில் காலணி அணிந்து ஆடப் பழக்கியது. எளிய மாற்றந்தான், ஆனால் வெறுங்காலையே பெருமையாகக் கருதிய ஒரு காலத்தில் அதைச் செய்யத் துணிவு வேண்டியிருந்தது.

இரண்டாவது ஆள்திரட்டு. ஜும்மா கான், ஹாபிஸ் ரஷீத், உஸ்மான் ஜான், அப்பாஸ் மிர்சா, மாசூம், நூர் முகம்மது முதலிய பெயர்கள் அக்கால அணியோடு இணைத்துப் பேசப்படுபவை. இவர்களுட் பலர் வங்காளிகள் அல்லர். வடமேற்கு எல்லைப்புறத்திலிருந்தும் டில்லியிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்தவர்கள் அவ்வணியில் இருந்தனர். தம் மாகாணத்து இளைஞரையே பெரிதும் நம்பியிருந்த ஏனைய கழகங்களிலிருந்து முகம்மதன் ஸ்போர்ட்டிங் இதில் வேறுபட்டது. லீக்கின் விதிகளோ ஊதியம் பெறாத ஆட்டத்தையே ஏற்றன. தொலைதூரத்திலிருந்து வரும் ஒருவருக்கு உறைவிடமும் பிழைக்க வழியும் வேண்டுமல்லவா? சட்டப்படி அமெச்சூர், நடைமுறையில் பாதித் தொழில்முறை என்ற இரட்டை வாழ்வு அக்காலத்திலேயே மைதானில் வேர்விடத் தொடங்கியிருந்தது.

இந்த ஏற்பாட்டில் ஒரு முரண் உண்டு. அணியில் வங்காளத்துக்கு வெளியிலிருந்து வந்தோர் பலர்; அவர்களைக் கொண்டாடியவர்களோ வங்காளம் பேசும் எளிய முஸ்லிம்கள். மொழியும் உணவும் வேறுபட்ட இருசாராரையும் அந்தக் கழகத்தின் பெயர் ஒன்றே இணைத்தது. கல்வியிலும் அரசுப் பணியிலும் பின்தங்கியவர்கள் என்று ஓயாமல் கேட்டுச் சலித்த ஒரு சமுதாயம், ஆளும் படையினரை அவர்கள் கற்றுக்கொடுத்த ஆட்டத்திலேயே வெல்லும் தன் பிள்ளைகளைக் கண்டது. காஜி நஸ்ருல் இஸ்லாம் அவ்வணியை வாழ்த்திக் கவிதை எழுதினார். டாக்காவில் 1936இல் அதே பெயரில் ஒரு கழகம் தோன்றியது. அது இன்றளவும் வங்கதேசத்தின் முன்னணிக் கழகங்களுள் ஒன்றாக விளங்குகிறது.

இங்கேதான் வரலாறு நம்மிடம் ஒரு கேள்வியை வைக்கிறது. இவ்வெற்றி யாருடையது? 1911இல் மோகன் பகான் வென்றபோது கல்கத்தா முஸ்லிம்கள் அதைத் தம் வெற்றியாகவே மகிழ்ந்தனர். முஸ்லிம் விளையாட்டுக் கழகத்தினர் இந்துச் சகோதரர்களின் வெற்றியில் கொண்ட களிப்பை 'தி முசல்மான்' ஏடு பதிவு செய்தது. 1934இன் வெற்றியும் ஓர் இந்தியக் கழகம் ஐரோப்பியரை வென்ற வெற்றியே. ஆனால் காலம் மாறியிருந்தது. 1932இல் வகுப்புவாரித் தீர்ப்பு அறிவிக்கப்பட்டிருந்தது. 1935ஆம் ஆண்டுச் சட்டமும், 1937இல் ஃபஸ்லுல் ஹக் தலைமையில் அமைந்த அமைச்சரவையும் வங்காள அரசியலின் எடைகளை மாற்றிக்கொண்டிருந்தன. சட்டமன்றத்தில் எண்ணிக்கைக்காக நடந்த பூசல் மைதானத்தின் பலகை அரங்குகளுக்கும் வந்து சேர்ந்தது. முதல் ஆண்டு வியப்போடு கைதட்டியவர்களுக்கே ஐந்தாம் ஆண்டில் அந்த வெற்றி உறுத்தலாயிற்று. வென்றவர்களின் ஆதரவாளர்களிடையேயும் கழகத்தின் வெற்றியைச் சமயத்தின் வெற்றியாகப் பேசும் போக்கு வளர்ந்தது. இரண்டு பக்கத்துப் பிழைகளையும் நேர்மையாக ஒப்புக்கொள்வதே வரலாற்றுக்குச் செய்யும் நியாயம்.

பிளவு 1939இல் வெளிப்பட்டது. சங்கம் தங்களுக்கு நியாயம் வழங்கவில்லை என்று முறையிட்டு முகம்மதன் ஸ்போர்ட்டிங் லீக்கிலிருந்து விலகியது. இதை வெறும் வகுப்புச் சண்டையென்று எழுதிவிடுவது எளிது. ஆனால் உடன் விலகியவை ஈஸ்ட் பெங்காலும் காளிகாட்டும் என்பதை மறக்கலாகாது. அவ்வாண்டு மோகன் பகான் தன் முதல் லீக் பட்டத்தைப் பெற்றது. மறு ஆண்டு திரும்பி வந்த முகம்மதன் ஸ்போர்ட்டிங் 1940லும் 1941லும் மீண்டும் வென்றது. 1940 டிசம்பரில் டில்லியில் நடந்த டூராண்ட் கோப்பை இறுதியாட்டத்தில் ராயல் வார்விக்ஷயர் படைப்பிரிவை 2-1 என்று வீழ்த்தி, அக்கோப்பையை வென்ற முதல் இந்தியக் கழகம் என்ற பெயரையும் ஈட்டியது.

தென்னாட்டோடு தொடர்புடைய ஒரு செய்தியும் உண்டு. பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையை முதன்முதலில் வென்ற இந்திய அணி பெங்களூர் முஸ்லிம்ஸ். 1937ஆம் ஆண்டு இறுதியாட்டத்தில் அது வென்றது வேறெவரையுமன்று, கல்கத்தாவின் முகம்மதன் ஸ்போர்ட்டிங்கையே. 1940 இறுதியில் முகம்மதன் ஸ்போர்ட்டிங் அந்தக் கணக்கைத் தீர்த்துக்கொண்டது. களத்தில் பகையும் உறவும் சமயத்தால் மட்டும் வகுக்கப்படுவதில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

முகம்மது சலீமின் கதையும் இதையே சொல்கிறது. முகம்மதன் ஸ்போர்ட்டிங்கின் ஓர ஆட்டக்காரரான அவர் 1936இல் கப்பலேறி ஸ்காட்லாந்து சென்று, கிளாஸ்கோவின் செல்டிக் கழகத்துக்காக இரண்டு ஆட்டங்களில் ஆடினார். காலணியால் பெயர்பெற்ற கழகத்திலிருந்து போனவர் அங்கே வெறுங்காலில் துணிக்கட்டுச் சுற்றிக்கொண்டு களமிறங்கினார். அவர் பாதங்களுக்கு செல்டிக்கின் பயிற்சியாளர் ஜிம்மி மெக்மெனமி குனிந்து கட்டுப் போடும் புகைப்படம் இன்றும் காணக் கிடைக்கிறது. ஆளும் இனத்தவர் ஒருவர் ஆளப்படும் நாட்டவரின் பாதத்தைக் கையிலேந்தியிருக்கும் காட்சி அது. அங்கேயே தங்கும்படி கேட்டும், ஊர் நினைவு வாட்டவே, சலீம் கல்கத்தாவுக்குத் திரும்பிவிட்டார்.

1947இன் பிரிவினை இக்கழகத்தின் நடுவிலும் கோடு கிழித்தது. ஆட்டக்காரரும் புரவலரும் பலர் டாக்காவுக்கும் கராச்சிக்கும் சென்றனர். எனினும் கழகம் மைதானிலேயே நின்றது. 1948, 1957, 1967, 1981 ஆகிய ஆண்டுகளில் லீக்கை வென்றது. அதன் பிறகு நீண்ட வறட்சி. நாற்பது ஆண்டுகள் கழித்து 2021இல் மீண்டும் பட்டம் கிடைத்தது. 2022லும் 2023லும் அது தொடர்ந்தது. 2024 ஏப்ரலில் ஷில்லாங் நகரில் ஐ-லீக் பட்டத்தை உறுதிசெய்தபோது அவ்வணியின் பயிற்சியாளர் ஒரு ரஷ்யர். ஆட்டக்காரர் பல நாட்டவர், பல சமயத்தவர். பெயர் மட்டும் 1891இல் வைத்த அதே பெயர்.

அந்தப் பெயர் ஒரு காலத்தில் வேலியாகப் பார்க்கப்பட்டது. ஒரு சமுதாயத்துக்கு அது நிமிர்ந்து நிற்க ஊன்றுகோலாகவும் இருந்தது. வாயிலில் நிறுத்தி வைக்கப்பட்டவர்கள் உள்ளே நுழைந்து, விதிகளுக்குட்பட்டு ஆடி, வென்று காட்டினார்கள். அதற்கு அவர்களுக்குத் தேவைப்பட்டவை சலுகைகளல்ல; திறந்த கதவும், சேற்றில் வழுக்காத காலணியும், ஒரு பருவம் முழுவதும் தளராத ஒழுங்குமே. 1934ஆம் ஆண்டு மழைக்காலம் நமக்கு விட்டுச்சென்ற பாடம் இதுதான்.