பார்சி போன வழியும் ஆங்கிலம் வந்த வழியும்

காங்கேயம் தாலுகா அலுவலகத்தில் ஆண்டுதோறும் ஜமாபந்தி நடக்கிறது. தாசில்தார், வசூல், பாக்கி, பசலி என்ற சொற்கள் அங்கே புழங்குகின்றன. இவற்றுள் ஒன்றேனும் ஆங்கிலம் அன்று. வசூலும் பாக்கியும் பசலியும் அரபியில் வேர்கொண்டவை. தாசில்தாரும் ஜமாபந்தியும் அரபியோடு பார்சி கூடிப் பிறந்தவை. சொற்கள் நிற்க, அவற்றைக் கொணர்ந்த ஆட்சிமொழி எங்கே போயிற்று? ஆங்கிலம் உலகாளும் காரணத்தை ஆராய்வோர் இக்கேள்வியிலிருந்து தொடங்குதல் நலம்.

திப்பு சுல்தான் காலத்தில் பார்சி மைசூரின் அரசாங்க மொழி; கொங்கு நாடு அவ்வரசுக்கு உட்பட்டிருந்தது. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்ததும் கோயம்புத்தூர்ச் சீமை கம்பெனியார் கைக்கு வந்தது. உடனே பார்சி மறைந்துவிட்டது என்று எண்ணற்க. கம்பெனி உத்தியோகஸ்தர்களே முன்ஷிகளை அமர்த்திப் பார்சி பயின்றனர். ஆட்சி வேரூன்றிய பின்னரே போக்கு மாறிற்று. 1835இல் மெக்காலே தம் கல்விக் குறிப்பை எழுதினார். அரபியும் சமஸ்கிருதமும் தமக்குத் தெரியா என்று அதிலேயே ஒப்புக்கொண்டவர், அவ்விரு மொழிகளின் நூற்செல்வத்தையும் தாழ்த்தித் தீர்ப்புரைத்தார்! 1837ஆம் ஆண்டின் 29ஆம் சட்டம் நீதிமன்றத்திலும் வருவாய்த்துறையிலும் பார்சியைக் கைவிட வழி செய்தது. 1844இல் ஹார்டிஞ்ச் பிரபு, ஆங்கிலம் கற்றோர்க்கே உத்தியோகத்தில் முன்னுரிமை என்றார். மெக்காலேயின் வாதத்தைக் காட்டிலும் இந்தச் சம்பளமே வலியது என்போம்.

குலிஸ்தானும் போஸ்தானும் ஓதியவர் முன்ஷியாகலாம் என்ற நிலை ஓரிரு தலைமுறையில் போயிற்று. தமிழ் முஸ்லிம்களுக்கோ வீட்டுமொழி தமிழ், ஓதும் மொழி அரபி. இரண்டையும் அரபுத்தமிழ் இணைத்து வைத்தது. பார்சிக்கு நம்மிடையே கச்சேரியன்றி வேறு இருப்பிடம் இல்லை. கச்சேரி கைவிட்டதும் அதுவும் போயிற்று. அரபியை எந்தச் சட்டமும் அசைக்கவில்லை.

அப்படியாயின் 1947இல் ஆண்டவர் போனபின் ஆங்கிலமும் போயிருக்க வேண்டுமே? போகவில்லை. அரசியல் சட்டம் அதற்குப் பதினைந்தாண்டுத் தவணை கொடுத்தது. அத்தவணை முடிந்த 1965இல் தமிழ்நாடு கொந்தளித்தது. நம் கொங்கு நாட்டிலேயே பொள்ளாச்சியில் துப்பாக்கிச் சூடு நடந்தது. இந்தி மட்டுமே ஆளும் நிலையைத் தடுக்க ஆங்கிலத்தைக் கேடயமாகப் பிடித்தனர் தமிழர். 1967இல் திருத்தப்பட்ட ஆட்சிமொழிச் சட்டம் அதன் இருப்பை உறுதி செய்தது. வெளியுலகிலோ 1945க்குப் பின் அமெரிக்காவின் செல்வமும் விஞ்ஞானமும் அதே மொழியில் பேசின. பிரிட்டன் இறங்கிய ஆசனத்தில் பிறமொழிக்காரர் அமர்ந்திருந்தால் கதை வேறாயிருக்கும்.

இன்று திருப்பூர்ப் பனியன் வணிகர் ஜெர்மானியருக்கு ஆங்கிலத்தில் மடல் எழுதுகிறார். இருவருக்குமே அது தாய்மொழி அன்று. பன்னிரண்டாம் நூற்றாண்டில் இத்தாலியின் கிரெமோனா ஊரினரான ஜெரார்டு என்பவர், தாலமியின் வானநூலைத் தேடி ஸ்பெயினின் டொலேடோவுக்குச் சென்றார். அந்நூல் அங்கே அரபியில் கிடைத்தது. அதற்காகவே அரபி கற்று, எழுபதுக்கு மேற்பட்ட நூல்களை இலத்தீனில் பெயர்த்தார்.