எருசலேமின் அழிவும் ரபீமாரின் பாவ அறிக்கையும்

ஆண்டவர் எருசலேம் நகரைக் கண்டு கண்ணீர் விட்ட பகுதியை (லூக்கா 19) எடுத்துப் பிரசங்கிக்கும் ஞாயிறுகளில், நம்மிற் பலர் அந்நகரின் அழிவை விரிவாய் வருணித்து, யூதர் மேசியாவைத் தள்ளியதன் பலனை அடைந்தனர் என்று முடித்துப் பிரசங்க பீடத்தைவிட்டு இறங்கிவிடுகிறோம். நாமும் பல ஆண்டுகள் இவ்வாறே செய்து வந்தோம். அப்பிரசங்கத்தைக் கேட்டு இருதயத்தில் குத்தப்பட்டவர் எவரும் இருந்ததாக நமக்கு நினைவில்லை. குத்தப்படுவதற்கு அதில் என்ன இருந்தது? குற்றவாளிகள் பத்தொன்பது நூற்றாண்டுகளுக்கு முன் வாழ்ந்த வேறொரு சமூகத்தார் அல்லவா?

நகரை இழந்தவர்கள் அவ்விழப்பைப்பற்றி என்ன கூறினார்கள் என்று கேட்க நமக்கு நெடுநாள் தோன்றவில்லை. யூத ரபீமாரின் நூல்களைப் புரட்டிய பின்னரே, அந்த அழிவுக்குக் காரணம் தேடுவதில் அவர்கள் நம்மைவிடக் கடுமையாய்த் தங்களை விசாரித்தார்கள் என்பதையும், அந்த விசாரணை நாம் நடத்தியதினின்று முற்றிலும் வேறானது என்பதையும் அறிந்தோம்.

முதலில் வரலாற்றைச் சுருக்கமாய் நினைவுபடுத்திக்கொள்வோம். கி.பி. 66இல் ரோமத் தேசாதிபதியாகிய கெஸ்ஸியஸ் ஃப்ளோரஸ் ஆலயக் கருவூலத்திலிருந்து 17 தாலந்து எடுத்தான். மக்கள் கொதித்தெழுந்தனர். ஆலயத் தலைவனாயிருந்த அனனியாவின் குமாரன் எலெயாசார், அந்நியரின் காணிக்கைகளை ஏற்கலாகாது என்று கூறி, இராயனுக்காகவும் ரோமருக்காகவும் நாள்தோறும் செலுத்தப்பட்ட பலிகளை நிறுத்தச் செய்தான். யுத்தம் மூண்டது. கி.பி. 70இல் வெஸ்பாசியனின் மகன் டைட்டஸ் நகரை முற்றுகையிட்டபோது, மதிலுக்குள்ளே மூன்று கட்சிகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டிருந்தன. சீமோனின் குமாரன் எலெயாசாரின் ஆட்கள் ஆலயத்தின் உட்பிராகாரத்தையும், கிஸ்கலா ஊரானாகிய யோவானின் ஆட்கள் வெளிப்பிராகாரங்களையும், கியோராவின் குமாரன் சீமோனின் ஆட்கள் மேல்நகரையும் பிடித்திருந்தனர். பல ஆண்டு முற்றுகைக்குப் போதுமாயிருந்த தானியக் களஞ்சியங்களை இவர்களே தீக்கிரையாக்கினர். யோசேபஸ் இதை எழுதியிருக்கிறார், யூதரிடத்தில் சிறிதும் அன்பில்லாத ரோம ஆசிரியர் டாசிட்டஸும் எழுதியிருக்கிறார், தல்மூதும் சொல்லுகிறது. ஒருவர்க்கொருவர் உறவில்லாத மூன்று சாட்சிகள் ஒன்றைச் சொல்லும்போது நம்பாதிருக்க இயலாது. ஆப் மாதத்தில் ஆலயம் எரிந்தது.

யோசேபஸின் விளக்கம் நமக்கு நன்கு தெரிந்ததே. நகரைக் கெடுத்தது உட்பகை என்று அவர் தம் நூலின் முகவுரையிலேயே கூறிவிடுகிறார். மேலோட்டமாய்ப் பார்ப்பவர்க்கு இது ஒரு யூதன் தன் குலத்தின் குற்றத்தை ஒப்புக்கொள்வதாகத் தோன்றும். ஆனால் யார்மீது அக்குற்றம் சுமத்தப்படுகிறது என்று கவனியுங்கள்: செலோத்தேயர்மீது, கிஸ்கலா யோவான்மீது, சீமோன்மீது. கலிலேயாவில் படைத்தலைவராயிருந்து, யோதபாத்தாவில் கி.பி. 67இல் சரணடைந்து, பின்பு ரோமாபுரியில் இராயர் குடும்பத்தின் ஆதரவில் வாழ்ந்து நூல் எழுதிய யோசேபஸ்மீது அதில் ஒரு துளியும் விழவில்லை. டைட்டஸ்மீதும் விழவில்லை. ஆலயத்தைக் காப்பாற்றவே அவன் விரும்பினான் என்கிறார் யோசேபஸ். பிற்காலத்துக் கிறிஸ்தவ ஆசிரியராகிய சுல்பீசியஸ் செவேரஸ் இதற்கு நேர்மாறாக எழுதியுள்ளார். தன் இனத்தாரைக் குறைகூறுதல் வேறு, தன்னைக் குறைகூறுதல் வேறு. முன்னதைச் செய்பவர் பின்னதைச் செய்துவிட்டதாக எண்ணிக்கொள்வது எளிது. நம் சபைச் சங்கங்களிலும் இதைக் காண்கிறோம். “நம்முடைய சபை கெட்டுப்போய்விட்டது” என்று பெருமூச்செறிகிறவர், அந்த “நம்முடைய” என்ற சொல்லுக்குள் தாம் இருப்பதாக எண்ணுவதில்லை.

இனி ரபீமாரிடம் வருவோம். தல்மூதில் யோமா என்னும் பகுதியில் ஒரு கேள்வி எழுப்பப்படுகிறது. முதலாம் ஆலயம் விக்கிரகாராதனை, வேசித்தனம், இரத்தஞ்சிந்துதல் ஆகியவற்றால் அழிந்தது. இரண்டாம் ஆலயக் காலத்தாரோ திருச்சட்டத்தைக் கற்றார்கள், கற்பனைகளைக் கைக்கொண்டார்கள், தருமம் செய்தார்கள். பின் ஏன் அது அழிந்தது? முகாந்தரமில்லாப் பகையினால் என்பது விடை. அப்பகை முன்கூறிய மூன்று பாவங்களுக்கும் ஒப்பானது என்று அவர்கள் தீர்த்தார்கள். இதில் நாம் நின்று யோசிக்க வேண்டியது ஒன்றுண்டு. அத்தலைமுறையைத் தெய்வபயமற்ற தலைமுறை என்று சொல்லியிருந்தால் விடை சுலபமாயிருந்திருக்கும். அவர்கள் அப்படிச் சொல்லவில்லை. வேதத்தைக் கற்றவர்களிடத்தில், தருமம் செய்தவர்களிடத்தில் இருந்த பாவத்தைத் தேடினார்கள். அதாவது தங்களைப் போன்றவர்களிடத்தில் தேடினார்கள்.

அப்பகை எப்படிப்பட்டது என்பதைக் கித்தின் என்னும் பகுதியில் உள்ள ஒரு கதை காட்டுகிறது. எருசலேமில் ஒருவனுக்குக் கம்சா என்றொரு நண்பனும், பார் கம்சா என்றொரு பகைவனும் இருந்தார்கள். அவன் விருந்து செய்து, கம்சாவை அழைத்துவர வேலைக்காரனை அனுப்பினான். வேலைக்காரன் பெயர் மயங்கிப் பார் கம்சாவை அழைத்துவந்தான். பந்தியில் பகைவனைக் கண்ட வீட்டுக்காரன் அவனை எழுந்துபோகச் சொன்னான். வந்ததோ வந்தாயிற்று, தான் உண்பதற்கும் குடிப்பதற்கும் விலை தந்துவிடுவதாகப் பார் கம்சா வேண்டினான். மறுக்கப்பட்டது. விருந்தின் செலவில் பாதியைத் தருவதாகச் சொன்னான். அதுவும் மறுக்கப்பட்டது. முழுச் செலவையும் தருவதாகச் சொன்னான். வீட்டுக்காரன் அவன் கையைப் பிடித்து எழுப்பி வெளியே தள்ளினான்.

ரபீமார் பந்தியில் அமர்ந்திருந்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவர்களுடைய மௌனத்தைச் சம்மதமென்றே எடுத்துக்கொண்ட பார் கம்சா, அவர்கள்மேல் வஞ்சம் வைத்து, யூதர் கலகம் செய்யத் துணிந்தார்கள் என்று இராயனிடம் கோள் சொன்னான். சோதித்தறிய ஒரு பலியை அனுப்பிப் பார்க்கும்படியும் கூறினான். இராயன் அனுப்பிய நல்ல கன்றுக்கு வழியிலே மெல்லிய பழுது ஒன்றை உண்டாக்கினான். அது உதட்டில் என்பார் சிலர், கண்ணில் என்பார் சிலர். ரோமர் கண்ணுக்கு அது பழுதன்று. யூதப் பிரமாணத்தின்படி பழுது. அரசோடு சமாதானமாயிருக்கும் பொருட்டு அதைச் செலுத்திவிடலாம் என்று ரபீமார் எண்ணினர். பழுதுள்ளதைப் பலிபீடத்தில் செலுத்தலாமென்று ஜனங்கள் சொல்லிவிடுவார்களே என்று தடுத்தார் ரபீ செகரியா பென் அவ்குலாஸ். அப்படியானால் கோள் சொல்லாதபடி பார் கம்சாவைக் கொன்றுவிடலாமா என்றபோது, பலிப்பொருளில் பழுது உண்டாக்கினவன் சாகவேண்டுமென்று ஜனங்கள் சொல்லிவிடுவார்களே என்று அதையும் தடுத்தார். ஒன்றும் செய்யப்படவில்லை. இந்த ரபீ செகரியாவின் அதீத நிதானமே நம் ஆலயத்தை எரித்து, நம்மை நம் நாட்டினின்று துரத்திற்று என்று பிற்காலத்து ரபீ யோகனான் தீர்ப்பளித்தார்.

இக்கதை நடந்தவாறே எழுதப்பட்டதென்று எவரும் வாதிடார். இராயனின் பலியை மறுத்தலே யுத்தத்திற்கு வித்து என்ற யோசேபஸின் செய்தியோடு அது ஒத்துப்போவது உண்மை; எஞ்சியதைக் கதைசொல்லும் மரபின் கைவேலை என்று கொள்ளலாம். ஆயினும் ஒரு சமூகம் தன் பெருந்துயரத்தைப்பற்றி எத்தகைய கதையைச் சொல்லிக்கொள்ளத் தெரிந்துகொண்டது என்பதும் வரலாறே. இக்கதையைப் பாதுகாத்தவர் யார்? ரபீமாரே. அதில் குற்றவாளிக் கூண்டில் நிற்பவர் யார்? அவர்களுடைய ஆசிரியர்களே. அவர்கள் விரும்பியிருந்தால் பார் கம்சா என்னும் துரோகியோடு கதையை முடித்திருக்கலாம். பந்தியில் மௌனமாயிருந்தவர்களை அதில் சேர்த்தவர்கள் அவர்களே. சட்டத்தின் எழுத்தைக் காப்பதிலேயே கண்ணாயிருந்து, காலத்தை அறியாமற்போன கல்விமானைப் பெயர் சொல்லிச் சுட்டியவர்களும் அவர்களே. எருசலேமியர் சட்டத்தின்படி மட்டுமே தீர்ப்புச் செய்து, சட்டத்திற்கு அப்பாற்பட்ட தயவைக் காட்டாமற்போனதால்தான் நகரம் அழிந்தது என்று அதே ரபீ யோகனான் வேறோரிடத்தில் கூறியதையும் இங்கே சேர்த்து நோக்கலாம். சட்டமே தொழிலாகக் கொண்டவர்கள் இப்படிச் சொல்வது சாதாரணமன்று.

ரபீ மரபின் தந்தையென்று போற்றப்படும் யோகனான் பென் சக்காயும் இதற்குத் தப்பவில்லை. அவர் சவப்பெட்டியில் மறைந்து முற்றுகையினின்று வெளியேறி, வெஸ்பாசியனிடம் யப்னே ஊரையும் அதன் அறிஞரையும் கேட்டுப் பெற்றார் என்பது தல்மூதின் வரலாறு. பிற்கால யூத சமயம் முழுவதும் அந்த யப்னேயின் கொடை எனலாம். அப்படியிருந்தும், எருசலேமையே இம்முறை விட்டுவிடும்படி அவர் கேட்டிருக்க வேண்டாமா, ஞானிகளின் அறிவையும் தேவன் சில வேளை பேதைமையாக்குகிறார் என்று அவருடைய வழிவந்த ஒருவரே குறைகூறினார். அக்குறையும் அழிக்கப்படாமல் அதே பக்கத்தில் எழுதப்பட்டிருக்கிறது.

இம்மனப்பான்மை திடீரெனத் தோன்றியதன்று. ஆதாம் ஏவாளையும், ஏவாள் சர்ப்பத்தையும், சவுல் ஜனங்களையும் சுட்டிக்காட்டிய வேதத்திலேதான், தாமாரின் முன் தன்னைக் குற்றவாளியென ஒப்புக்கொண்ட யூதாவும், நாத்தான் முன் வேறு பேச்சின்றித் தலைகுனிந்த தாவீதும் இருக்கிறார்கள். பாவநிவிர்த்தி நாளில் பிரதான ஆசாரியன் முதலாவது தனக்காகவும் தன் வீட்டாருக்காகவும் அறிக்கை செய்த பின்னரே இஸ்ரவேலுக்காக அறிக்கை செய்வான். ஆலயம் போன பின்பு யூதர் அந்நாளில் எபிரெய அரிச்சுவடியின் வரிசையில், எழுத்துக்கு ஒரு பாவமாக, “நாங்கள்” என்று பன்மையில் அறிக்கையிட்டு, ஒவ்வொன்றுக்கும் மார்பில் அடித்துக்கொள்கிறார்கள். பிறனுக்குச் செய்த தீங்கை அவனோடு ஒப்புரவாகும்வரை அந்நாளும் நிவிர்த்தி செய்யாது என்பது மிஷ்னாவின் தீர்ப்பு.

இதனால் ரபீமார் ரோமரைக் குற்றமற்றவரென்று விட்டுவிட்டார்கள் என எவரும் நினைக்கலாகாது. மகாபரிசுத்த ஸ்தலத்தைத் தீட்டுப்படுத்திய டைட்டஸின் மூக்கில் கொசு நுழைந்து மூளையைக் குடைந்து கொன்றதென்று அதே கித்தின் பகுதி சொல்லுகிறது. மேலும், இத்தகைய தன்விசாரணைக்கு எல்லை உண்டென்று யூதரே கண்டனர். ஐரோப்பாவில் அறுபது லட்சம் யூதர் கொல்லப்பட்டதை அவர்களுடைய பாவத்தின் தண்டனை என்று சொல்லத் துணிந்தவர்களை, 1973இல் வெளிவந்த தம் நூலில் எலியேசர் பெர்கோவிட்ஸ் என்னும் பழமைநெறி ரபீயே உறுதியாய் மறுத்தார். கொலையுண்டவனைக் குற்றவாளியாக்குவது பாவ அறிக்கையாகாது. தன் வாயால், தன் பாவத்தை, தானே சொல்வதே அறிக்கை.

இந்த வேறுபாட்டைத்தான் திருச்சபை கவனிக்கத் தவறிற்று. இரண்டாம் நூற்றாண்டில் ஜஸ்டின், திரிபோ என்னும் யூதனோடு நடத்திய உரையாடலில், யூதேயாவின் பாழ்க்கடிப்பு நீதிமானைக் கொன்றதற்கு நியாயமான தண்டனை என்று வாதித்தார். நான்காம் நூற்றாண்டில் யூசேபியஸ், யோசேபஸின் பஞ்ச வருணனையைப் பக்கம்பக்கமாக எடுத்தெழுதி அதே முடிவைக் கூறினார். ஒருவன் மார்பில் அடித்துக்கொண்டு அழுவதைக் கண்டவன், அவனே ஒப்புக்கொண்டான் என்று சொல்லித் தானும் ஓர் அடி கொடுத்தாற்போன்றது இது. 1543இல் லூத்தர் எழுதிய யூதருக்கு எதிரான நூல், இடிந்த எருசலேமையும் சிதறுண்ட குலத்தையும் தேவகோபத்தின் அத்தாட்சியாகக் காட்டி, அதன் தொடர்ச்சியாக அவர்களுடைய ஜெப ஆலயங்களைக் கொளுத்தும்படி ஆலோசனை கூறிற்று. லூத்தரின் மரபிற்குக் கடன்பட்ட நாம் இதை மறைத்துப் பாடம் நடத்துவது முறையன்று.

1945 அக்டோபரில் ஸ்டுட்கார்ட் நகரில் ஜெர்மானியச் சுவிசேஷத் திருச்சபையின் தலைவர்கள் தங்கள் குற்றத்தை அறிக்கையிட்டனர். தாங்கள் போதிய தைரியத்தோடு சாட்சி பகரவில்லை என்று அதில் ஒப்புக்கொண்டனர். யூதர் என்ற சொல் மட்டும் அதில் இல்லை. 1980இல் ரைன்லாந்துச் சபைச் சங்கம்தான் அப்படுகொலையில் கிறிஸ்தவருக்குள்ள பங்கையும் குற்றத்தையும் வெளிப்படையாய்ச் சொல்லிற்று. 1994இல் அமெரிக்கச் சுவிசேஷ லூத்தரன் சபை, லூத்தரின் அந்த எழுத்துக்களைப் பெயர் குறிப்பிட்டே தள்ளிற்று. 1543க்கும் 1994க்கும் இடையே 451 ஆண்டுகள்.

பிலாத்து கொன்ற கலிலேயரைப்பற்றிச் சிலர் ஆண்டவரிடம் செய்தி கொண்டுவந்தபோது, அவர்கள் மற்றெல்லாரிலும் பாவிகளோ என்ற ஆராய்ச்சியை அவர் அங்கேயே நிறுத்தி, கேட்டவர்களின் மனந்திரும்புதலைப்பற்றிப் பேசினார் (லூக்கா 13). சீலோவாம் கோபுரத்தைப்பற்றியும் அவ்வாறே. அந்த அதிகாரத்திலிருந்து ஆறே அதிகாரங்கள் தள்ளித்தான் நகரத்தைக் கண்டு அவர் அழுத பகுதி வருகிறது. இரண்டையும் சேர்த்து வாசித்துப் பிரசங்கித்தவர்கள் நம்மில் மிகச் சிலர்.

இப்பொழுதெல்லாம் அந்தப் பகுதியை வகுப்பில் எடுக்கும்போது, கம்சாவின் கதையையும் மாணாக்கருக்குச் சொல்லுகிறோம். விருந்து வைத்தவன் யார் என்றே பெரும்பாலும் முதலில் கேட்கிறார்கள். தல்மூத் அவன் பெயரைச் சொல்லவில்லை. புலம்பல் ஆகமத்திற்கு ரபீமார் எழுதிய பழைய விரிவுரையில் இதே கதை மறுபடியும் வருகிறது. அதிலும் அவன் பெயர் இல்லை. அன்று பந்தியில் இருந்து, தடுக்கக் கூடியவராயிருந்தும் தடுக்காதவர் என்று ஒருவரை மட்டும் அது பெயர் சொல்லுகிறது: ரபீ செகரியா பென் அவ்குலாஸ்.