கொழுந்துக்கு ஒரு புகைபோக்கி

மலையகத் தோட்டங்களில் தேயிலைத் தொழிற்சாலையை 'ஸ்டோர்' என்றே சொல்வர். அதன் இதயம் உலர்த்தும் இயந்திரம். புளிக்க வைத்த தூளில் பாதிக்கு மேல் நீர்தான். அதனை ஏறக்குறைய 3 சதவீதத்துக்குக் குறைத்தால்தான் கப்பலேற்ற முடியும்.

தொடக்கக் காலத்தில் கொழுந்தை மூங்கில் கூடைகளில் இட்டுக் கரி நெருப்பின்மேல் காய வைத்தனர். புகை தட்டினால் தேயிலை கெட்டது. 1864இல் கச்சார் தோட்டங்களுக்கு வேலைக்கு வந்த அயர்லாந்துக்காரர் சாமுவேல் டேவிட்சன் இதற்கு வழி கண்டார். அடுப்பின் புகை தனி வழியே வெளியேறும். இரும்பைத் தொட்டுச் சூடேறிய தூய காற்று மட்டும் தேயிலைக்குப் போகும். 1881இல் பெல்பாஸ்டில் தொழிற்சாலை நிறுவினார். இயந்திரத்துக்குச் சகாராவிலிருந்து வீசும் வெப்பக்காற்றின் பெயரையே சூட்டினார்: சிரோக்கோ. (ஆடி, ஆவணியில் வீசும் வறண்ட கச்சான் காற்றால் புகழ்பெற்ற ஊவாத் தேயிலைக்கு இப்பெயர் பொருந்தத்தான் செய்கிறது.) இலங்கையிலும் அவ்வியந்திரம் பரவியது. லிப்டன் 1890இல் அப்புத்தளைக்கு அருகே தம்பேத்தன்னையை வாங்கியபோது, தேயிலையைப் புகையிலிருந்து காக்கும் நுட்பம் பழகிப்போன ஒன்று.

அதே தோட்டத்து லயன் அறைகளை நினைத்துப் பாருங்கள். 10 அடிக்கு 12 அடி, ஒரு கதவு, பெரும்பாலும் புகைபோக்கி கிடையாது. ஐப்பசி தொடங்கித் தை வரை ஊவாவில் மழை. நனைந்த கம்பளியும் பிள்ளைகளின் சட்டையும் அடுப்புக்கு மேலே கட்டிய கொடியில்தான் காயும். துணியின் ஈரமும் விறகுப் புகையும் அறைக்குள்ளேயே சுழலும். கைக்குழந்தையும் அங்கேதான் உறங்கும். பசறைப் பக்கத்து லயன்களில் கரியேறிக் கறுத்த கூரைகளைப் பார்த்திருக்கிறேன்.

கனடாவில் வாழும் வாசகர்கள் சிலர் எரிவாயுத் துணி உலர்த்தி வைத்திருக்கக்கூடும். அதன் குழாயைச் சுவர் கடந்து வெளியே விடவேண்டும் என்பது கட்டாயம். ஈரத்தோடு நிறமும் மணமும் அற்ற கார்பன் மோனொக்சைடும் வருமென்பதே காரணம். விறகடுப்பிலும் அதே நச்சு உண்டு. விதி மட்டும் லயனுக்கு வரவில்லை. பொறியியல் தெரியாமலா? இருநூறு முழ தூரத்தில் ஸ்டோரின் புகைபோக்கி நின்றது. தேயிலைக்கு இலண்டனில் விலை இருந்தது, அவ்வளவே.

1975இல் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் போயிற்று. சில இடங்களில் தனி வீடுகள் எழுந்தன. பழைய லயன்களில் இன்றும் குடும்பங்கள் உண்டு. எரிவாயு அடுப்புக்கு மாறியவர்களும் 2022 தட்டுப்பாட்டின்போது விறகுக்கே திரும்பினர். கம்பளி மறுபடியும் அடுப்புக்கு மேலே ஏறியது.