அமெரிக்க மாநிலங்களின் விலங்குவதைத் தடுப்புச் சட்டங்கள்

அமெரிக்காவில் விலங்குவதை வழக்குகளில் பெரும்பாலானவை மாநிலச் சட்டங்களின்படியே நடக்கின்றன. மெய்ன் மாநிலம் 1821-லேயே குதிரை, மாடுகளைக் கொடூரமாக அடிப்பதைக் குற்றமாக்கியது. ஆனால் அக்காலச் சட்டங்கள் பல விலைபோகும் கால்நடைகளையே காத்தன. நாய், பூனைகளுக்கு அவற்றில் இடமில்லை.

திருப்பத்தைக் கொண்டுவந்தவர் ஹென்றி பெர்க். 1866-ல் நியூயார்க்கில் விலங்குவதைத் தடுப்புச் சங்கத்தை நிறுவினார். அடுத்த ஆண்டே மாநிலச் சட்டம் எல்லா உயிரினங்களுக்கும் விரிந்தது. தன் சொந்த விலங்கைக்கூட ஒருவர் வதைக்க முடியாது என்றானது. தீனி, தண்ணீர் தராமல் அடைத்துவைப்பதும், நொண்டியாகிவிட்ட குதிரையைத் தெருவில் விட்டுப்போவதும், நாய்ச்சண்டை, சேவற்சண்டை நடத்துவதும் குற்றங்களாயின. அளவுக்கு மீறி ஆளேற்றிய குதிரை டிராம்களை பெர்க் நடுத்தெருவில் மறித்துப் பயணிகளை இறக்கிவிட்டதுண்டு.

மற்ற மாநிலங்களும் இவ்வழியில் வந்தன, வேகம்தான் போதவில்லை. லூசியானா சேவற்சண்டையைத் தடைசெய்ய 2008 வரை ஆனது. கொடிய வதையைப் பெருங்குற்றமாக்கிய கடைசி மாநிலம் தெற்கு டகோட்டா, ஆண்டு 2014.

அடிக்காமலே உயிருக்கு ஆபத்து விளைவிப்பதும் இன்று பல மாநிலங்களில் குற்றம். வெளியே 21 டிகிரி செல்சியஸ் இருக்கும் இதமான நாளிலும், பூட்டிய காருக்குள் அரை மணி நேரத்தில் 40 டிகிரி ஆகிவிடும். உள்ளே தவிக்கும் நாயைக் காப்பாற்ற வேறு வழியில்லையென்றால், காவல்துறைக்குத் தகவல் சொல்லிவிட்டு வழிப்போக்கரும் கண்ணாடியை உடைக்கலாம் என்று கலிபோர்னியா 2016-ல் சட்டமியற்றியது.

இச்சட்டங்களின் பெரிய ஓட்டை பண்ணைகளில் இருக்கிறது. 'வழக்கமான பண்ணை நடைமுறை' என்றால் பெரும்பாலான மாநிலங்கள் விலக்கு அளித்துவிடுகின்றன. சினைப்பன்றியை அடைக்கும் கம்பிக்கூண்டு ஏறத்தாழ 2 அடி அகலம், 7 அடி நீளம். அதற்குள் பன்றி எழலாம், படுக்கலாம், திரும்ப முடியாது. ஒரு நாயை இப்படி மாதக்கணக்கில் வைத்திருந்தால் அது வதை என்பதில் யாருக்கும் ஐயம் வராது. புளோரிடா வாக்காளர்கள் 2002-ல் இக்கூண்டைத் தடைசெய்தார்கள். கலிபோர்னியாவில் 2018-ல் வாக்கெடுப்பில் நிறைவேறிய சட்டம், இனப்பெருக்கப் பன்றி ஒன்றுக்கு 24 சதுர அடி கேட்டதோடு, அதற்குக் குறைவான இடத்தில் வளர்த்த பன்றிகளின் குட்டிகளிலிருந்து வரும் இறைச்சியின் விற்பனையையும் தடுத்தது. பன்றி வளர்ப்போர் வழக்குத் தொடுத்தனர். 2023-ல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. இறைச்சி கலிபோர்னியாவுக்குப் போவதானால், வேறு மாநிலமான அயோவாவின் பண்ணையில் ஈனும் பன்றிக்கும் அந்த 24 சதுர அடியைத் தந்தாக வேண்டும்.