சின்ன எஞ்சினா, பெரிய எஞ்சினா? – 1200 சிசி கோட்டின் கதை

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை... இந்தத் தோல் ஊர்களில் ஒரு குடும்பம் முதல் கார் வாங்கப் போகிறது என்றால் வீட்டில் ஒரு பட்டிமன்றம் நிச்சயம். "சின்ன எஞ்சினே போதும், பெட்ரோல் மிச்சம்" என்பது ஒரு கட்சி. "ஆறு பேர் ஏறிக்கிட்டு ஏலகிரி போனா வண்டி மூச்சு வாங்கும், பெரிசா எடுங்க" என்பது எதிர்க்கட்சி. (ஐந்து பேர் வண்டியில் ஆறு பேர் ஏறுவது பற்றி இரண்டு கட்சிக்கும் கருத்து வேறுபாடு கிடையாது!) ஆனால் அந்த முடிவில் பெரும்பகுதியை டெல்லியில் ஏற்கெனவே எடுத்து முடித்துவிட்டார்கள். அது எப்படி நடந்தது என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் சிசி என்றால் என்ன? எஞ்சினின் சிலிண்டர்களுக்குள் பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும் இடத்தின் மொத்தக் கொள்ளளவு. அவ்வளவுதான். அது சக்தியின் அளவு அல்ல, மைலேஜின் அளவும் அல்ல. ஒரே சிசி உள்ள இரண்டு எஞ்சின்களில் ஒன்று மலை ஏறும், இன்னொன்று திணறும்.

இதற்கு நம் தமிழ்நாட்டிலேயே ஒரு பழைய சாட்சி உண்டு. வண்டலூர்ப் பக்கம் தொழிற்சாலை வைத்திருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி, 1961 முதல் 948 சிசி எஞ்சினோடு ஹெரால்டு காரைத் தயாரித்தது. அன்றைக்கு லைசென்ஸ் ராஜ்யம். நாட்டில் கார் என்றால் 1489 சிசி அம்பாசடர், 1089 சிசி ஃபியட், 948 சிசி ஹெரால்டு. 'எந்த எஞ்சின்' என்று யோசிக்க வாய்ப்பே இல்லை. எது முதலில் கிடைக்கிறதோ அதுதான். அதே கம்பெனி 1985-இல் ஸ்டாண்டர்ட் 2000 என்ற பெரிய காரைக் கொண்டுவந்தது. உடம்பு பிரிட்டனின் ரோவர் எஸ்டி1. அங்கே அதில் 3.5 லிட்டர் வி8 எஞ்சின் வரை வைத்து விற்றார்கள். இங்கே உள்ளே வைத்ததோ பழைய வான்கார்டு காலத்து எஞ்சினிலிருந்து வந்த 1991 சிசி எஞ்சின். சிசி பெரிது, பெயரிலேயே 2000 இருக்கிறது, ஆனால் பெட்ரோலைக் குடித்ததே தவிர வேகம் இல்லை. 1988-இல் உற்பத்தியே நின்றுபோனது. 'பெரிய எஞ்சின் என்றால் பலம்' என்று சொல்பவர்கள் வண்டலூர்ப் பக்கம் ஒருமுறை போய்வரலாம்.

எதிர்த் திசையிலும் பாடம் உண்டு. 1983 டிசம்பரில் வந்த மாருதி 800-இன் எஞ்சின் வெறும் 796 சிசி, மூன்று சிலிண்டர். அந்தக் குட்டி எஞ்சின் வெற்றி பெற்றதற்குக் காரணம் வண்டியும் குட்டி, எடையும் குறைவு. அதே கம்பெனி 1990-இல் பின்னால் டிக்கி வைத்த மாருதி 1000-ஐ 970 சிசி எஞ்சினோடு விட்டபோது, அந்த உடம்புக்கு அது போதவில்லை. 1994-இல் அதே வண்டிக்கு 1298 சிசி எஞ்சினை வைத்து எஸ்டீம் என்று பெயர் சூட்டினார்கள், பிறகுதான் ஓடியது. ஆக, எஞ்சின் சிறிதா பெரிதா என்பதைவிட, அது எந்த எடையை இழுக்கிறது என்பதுதான் கேள்வி.

1990-களில் லைசென்ஸ் ராஜ்யம் தளர்ந்தது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து 999 சிசி சான்ட்ரோ, அடுத்த ஆண்டு மறைமலை நகரிலிருந்து ஃபோர்டு ஐகான். ஐகானை 1.3, 1.6 என்று இரண்டு பெட்ரோல் எஞ்சின்களில் கொடுத்தார்கள். ஒரே கார், இரண்டு எஞ்சின், விருப்பம் உன்னுடையது! சென்னை – பெங்களூர் நெடுஞ்சாலை நான்கு வழியானதும் ஆம்பூர்க்காரர்களுக்கு இந்தக் கேள்விக்கு அர்த்தம் வந்தது. சென்னை சுமார் 180 கிலோமீட்டர், பெங்களூர் சுமார் 160. லாரியை முந்த வேண்டிய சாலை.

அந்தச் சுதந்திரம் ரொம்ப நாள் நீடிக்கவில்லை. 2006 பட்ஜெட்டில் நிதியமைச்சர் ப. சிதம்பரம் சிறிய கார்களுக்கான கலால் வரியை 24 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைத்தார். சிறிய கார் என்றால்? நீளம் 4 மீட்டருக்கு மேல் போகக்கூடாது. பெட்ரோல் என்றால் 1200 சிசி, டீசல் என்றால் 1500 சிசி தாண்டக்கூடாது. இந்த மூன்று எண்களும் அடுத்த இருபது வருட இந்தியக் கார்களைச் செதுக்கின.

1298 சிசியோடு 2005-இல் வந்த ஸ்விஃப்ட் பெட்ரோல், 2010-இல் 1197 சிசியாக இளைத்தது. 4 மீட்டரைத் தாண்டியிருந்த டிசையர் காரின் டிக்கியை 2012-இல் வெட்டி 3995 மில்லிமீட்டருக்குள் அடக்கினார்கள். அந்தக் குட்டை டிக்கி அழகுக்காக வந்ததல்ல, வரிக்காக வந்தது. இன்று ஷோரூமில் பார்க்கும் சிறிய கார்களில் 1197, 1198, 1199 என்று எண்கள் வரிசையாக நிற்பதற்கும் இதுதான் காரணம்.

ஆட்சி ஒரு கோடு போட்டால் தொழில் அதற்கேற்ப வளையும் என்பது தோல் ஊர்களுக்குப் புதிதல்ல. 1973-இல் பதனிடாத தோலை ஏற்றுமதி செய்யத் தடை வந்தது, பாதி பதனிட்ட தோலுக்குக் கட்டுப்பாடு வந்தது. அதற்குப் பிறகுதான் இந்தப் பகுதி முழுதாக முடித்த தோலுக்கும், ஷூவுக்கும், ஷூவின் மேல்பாகத்துக்கும் வேகமாக மாறியது. கார் கம்பெனிகள் செய்ததும் அதே வேலைதான்.

இதில் மிகச் சுவையான உதாரணம் 2013-இல் மறைமலை நகரில் தயாரான ஃபோர்டு ஈகோஸ்போர்ட். நீளம் 4 மீட்டருக்குள்தான். ஆனால் அதன் 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் 1499 சிசி என்பதால் சலுகை இல்லை. 1.5 லிட்டர் டீசலுக்குச் சலுகை உண்டு. 999 சிசி டர்போ பெட்ரோலுக்கும் உண்டு! இத்தனைக்கும் அந்தக் குட்டி டர்போவின் சக்தி 125 குதிரைத்திறன், 1.5-ஐ விட அதிகம். இழுவையும் அதிகம். வெளியேறும் புகையின் வேகத்தை வைத்தே காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுவதுதான் டர்போ. ஆக, பலமான எஞ்சினுக்கு வரி குறைவு, பலம் குறைந்ததற்கு வரி அதிகம். சட்டம் எண்ணியது கொள்ளளவை மட்டும்தான்.

2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோதும் அதே கோடு. 2025 செப்டம்பர் 22 முதல் வரி மாறியது: கோட்டுக்குள் இருந்தால் 18 சதவீதம், வெளியே போனால் 40 சதவீதம். எண்கள் மட்டும் அதே 1200, 1500, 4 மீட்டர்.

இப்போது ஒரு கணக்கு. வரிக்கு முன் இரண்டு கார்களும் 7 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 18 சதவீதம் என்றால் வரி 1,26,000. 40 சதவீதம் என்றால் 2,80,000. வித்தியாசம் 1,54,000 ரூபாய். அடுத்தது பெட்ரோல். சின்ன எஞ்சின் லிட்டருக்கு 18 கிலோமீட்டர், பெரியது 15, வருடத்துக்கு 10,000 கிலோமீட்டர், லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால், பெரிய எஞ்சினுக்கு வருடத்துக்கு ஏறக்குறைய 11,000 ரூபாய் கூடுதல் செலவு. வரி வித்தியாசத்தைத் தொட இந்தப் பெட்ரோல் வித்தியாசத்துக்கு 14 வருடம் ஆகும்! பட்டிமன்றத்தில் 'பெட்ரோல் மிச்சம்' என்று வாதாடிய கட்சி ஜெயிக்கிறது, ஆனால் தவறான காரணத்துக்காக.

கோட்டுக்குள்ளேயே இன்னொரு தேர்வு பாக்கி இருக்கிறது: சாதாரண 1.2 எஞ்சினா, 1.0 டர்போவா? இரண்டுக்கும் வரி ஒன்றுதான். டர்போவுக்கு விலை கொஞ்சம் கூடும். குறைந்த சுழற்சியில், ஊருக்குள் நெரிசலில் ஊர்ந்து போகும்போது, சற்றுத் தயங்கும். நெடுஞ்சாலையில் அதுதான் ராஜா. ஏலகிரிக்கு 14 கொண்டை ஊசி வளைவுகள், உச்சி ஆயிரம் மீட்டருக்கும் மேல். ஆள் நிறைந்த வண்டியில் ஏசியையும் போட்டுக்கொண்டு ஏறினால் சாதாரண 1.2-ஐ இரண்டாவது கியரிலேயே விரட்ட வேண்டியிருக்கும். ஏறும், ஆனால் கத்திக்கொண்டே ஏறும். வருடத்துக்கு ஒருமுறை மலை, மற்ற நாளெல்லாம் ஆம்பூர் பஜாரும் வேலூர் ஆஸ்பத்திரியும் என்றால் அந்தக் கத்தலைப் பொறுத்துக்கொள்ளலாம். வாரம் ஒருமுறை சென்னை போய்வரும் வீட்டுக்குக் கணக்கு வேறு.